கால் நடவாதபோதும் கை கொடுத்த டாக்டர் மேரி வர்கீஸ்

(பத்தாம் வகுப்பு மாணவி, திருவதிகை)

முன்னுரை

எங்கள் ஊராகிய திருவதிகையில் வளரும் பிள்ளைகள் எல்லாரும் திலகவதியார் கதையைக் கேட்டே வளர்கிறோம். தம்பி மருணீக்கியார் சூலைநோயால் துடித்தார். சமண மடத்தில் எத்தனையோ வைத்தியம் பார்த்தும் நோய் தணியவில்லை. இறுதியில் இரவோடு இரவாகத் தமக்கையைத் தேடித் திருவதிகைக்கு வந்து சேர்ந்தார். தமக்கை அவரைத் தாங்கிக் கொண்டார். அந்தத் தம்பியே பின்னாளில் திருநாவுக்கரசர் என்று பெயர் பெற்றார் எனப் பெரியோர் கூறுவர்.

நோய் வந்தவர்க்கு எழும் முதல் கேள்வி, யாரிடம் போவது என்பதுதான். காய்ச்சலுக்கும் வயிற்று வலிக்கும் எங்கே போவது என்று நமக்குத் தெரியும். ஆனால் எங்கள் பண்ருட்டிப் பக்கத்தில் பலா மரத்திலிருந்து ஒருவர் விழுந்து முதுகெலும்பு முறிந்து போனால், ஆஸ்பத்திரியில் உயிர் பிழைத்து வீட்டுக்கு வந்த பிறகு அவரை யாரிடம் காட்டுவது? வாதத்தால் கை விழுந்த தாத்தாவுக்குத் திரும்பவும் சோறு பிசைந்து உண்ணக் கற்றுத் தருபவர் யார்? மனம் ஒடிந்து, யாரிடமும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் அக்காவை எங்கே அழைத்துப் போவது? இந்தக் கேள்விகளுக்குப் பல வீடுகளில் விடை தெரிவதில்லை.

இந்தக் கேள்வியைத் தம் சொந்த உடம்பிலேயே சுமந்து, விடையைத் தேடிக் கடல் கடந்து சென்று, திரும்பி வந்து மற்றவர்க்கு விடையாகவே ஆன ஒரு பெண்மணியின் வரலாற்றை இங்கே காண்போம். அவர்தாம் வேலூர் டாக்டர் மேரி வர்கீஸ்.

பிறப்பும் இளமையும்

கேரள நாட்டில் கொச்சி நகருக்கு வடக்கே, வைப்பீன் தீவின் கடலோரத்தில் செராய் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே 1925ஆம் ஆண்டு மே மாதத்தில் மேரி பிறந்தார். வசதியான கிறிஸ்தவக் குடும்பம். தந்தையார் ஊராராலும் திருச்சபையாராலும் மதிக்கப்பட்டவர். உடன்பிறந்தார் பலர் இருந்த வீட்டில் அன்புக்குக் குறைவில்லை.

பெண்பிள்ளைகளை விரைவில் மணம் செய்து கொடுப்பதே வழக்கமாயிருந்த அக்காலத்தில், மேரி மருத்துவம் படிக்க விரும்பினார். 1946ஆம் ஆண்டு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். வேலூர் மருத்துவமனையின் தொடக்கம் மிக எளியது. 1900ஆம் ஆண்டில் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு படுக்கையோடு அதைத் தொடங்கினார். 1918இல் பெண்களுக்கென்று ஒரு மருத்துவப் பள்ளியையும் திறந்தார். 1942இல் அது எம்.பி.பி.எஸ். பட்டம் வழங்கும் கல்லூரியாக உயர்ந்தது. மேரி சேர்ந்தபோது அது இன்னும் பெண்கள் கல்லூரியாகவே இருந்தது. 1947இல்தான் அங்கே ஆண் மாணவர்களும் சேர்க்கப்பட்டனர்.

மேரி படித்துப் பட்டம் பெற்றார். பெண்களுக்குப் பிரசவம் பார்க்கும் மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்பதே அவருடைய எண்ணம். அத்துறையிலேயே பயிற்சியும் பெற்று வந்தார். ஆனால் அவருடைய வழி வேறொரு பக்கம் திரும்பியது.

1954ஆம் ஆண்டு விபத்து

1954ஆம் ஆண்டு சனவரி மாத இறுதியில் ஒரு விடுமுறை நாள். இளம் டாக்டர்கள் சிலர் ஒரு வண்டியில் உல்லாசப் பயணம் புறப்பட்டனர். மேரியும் அவர்களோடு சென்றார். வழியில் வண்டி நிலை தடுமாறிப் பாதையை விட்டு விலகிக் கவிழ்ந்தது. மேரியின் முகத்தில் ஆழமான வெட்டுக் காயம். அதைவிடப் பெரிய காயம் முதுகில். அவருடைய கால்கள் இரண்டும் மரக்கட்டைகளைப் போல் அசைவற்றுப் போயின. அப்போது அவருக்கு வயது 28.

நம் முதுகெலும்பு சிறு சிறு எலும்புகளை அடுக்கி வைத்தாற்போன்ற ஒரு தூண். அதன் உள்ளே, மூளையிலிருந்து கீழிறங்கி வரும் நரம்புக் கற்றை ஒன்று இருக்கிறது. அதுவே தண்டுவடம். நட என்று மூளை இடும் கட்டளை அதன் வழியாகத்தான் கால்களுக்குச் செல்கிறது. முள் குத்தியது என்று கால் அனுப்பும் செய்தியும் அதன் வழியாகத்தான் மூளைக்குச் செல்கிறது. எலும்பு முறிந்தால் கூடும். தண்டுவடம் நசுங்கினால் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. காயத்துக்குக் கீழே உள்ள பகுதி அசைவையும் உணர்வையும் இழக்கிறது. சிறுநீரையும் மலத்தையும் அடக்கும் ஆற்றலும் போய்விடுகிறது.

ஆகவேதான், மரத்திலிருந்தோ கட்டடத்திலிருந்தோ விழுந்தவரைக் கைகால்களைப் பிடித்து மடக்கித் தூக்கக் கூடாது என்பர் மருத்துவர். 108 வண்டி வரும்வரை அசைக்காமல் வைத்திருப்பதும், தூக்கத்தான் வேண்டும் என்றால் பலகை போன்ற தட்டையான ஒன்றில் முதுகு வளையாமல் கிடத்துவதும் நல்லது. பலாவும் முந்திரியும் பனையும் நிறைந்த எங்கள் பகுதியில் இதைச் சிறுவரும் அறிந்திருக்க வேண்டும்.

உயிர் பிழைத்தது, வாழ்வு எங்கே?

வேலூரில் டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949ஆம் ஆண்டிலேயே இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கியிருந்தார். உயிரைக் காக்க வல்ல டாக்டர்கள் அங்கே இருந்தார்கள். மேரிக்குப் பல அறுவைகள் நடந்தன. மாதக் கணக்கில் படுக்கையிலேயே கிடந்தார். உயிர் பிழைத்தார்.

ஆனால் பிழைத்த பிறகு என்ன செய்வது? படுக்கையிலிருந்து நாற்காலிக்கு எப்படி மாறுவது? உணர்வில்லாத தோலில் புண் வராமல் எப்படிக் காப்பது? நடக்க முடியாத ஒரு டாக்டர் எந்த வேலையைச் செய்வது? இவற்றைக் கற்றுத் தரும் கலைக்கு மறுவாழ்வு மருத்துவம் என்று பெயர். அந்த ஆண்டில் நம் நாட்டில் அதற்கென்று பயின்றவர்கள் இல்லை என்றே சொல்ல வேண்டும். பம்பாயில் அகில இந்திய உடலியல் மருத்துவ மறுவாழ்வு நிலையம் அமைந்ததே மறு ஆண்டான 1955இல்தான். நாட்டின் தலைசிறந்த மருத்துவமனைகளுள் ஒன்றில், டாக்டர்கள் சூழப் படுத்திருந்த ஒரு டாக்டருக்கே நிபுணர் கிடைக்கவில்லை என்றால், கிராமத்து ஏழைக்கு எங்கே கிடைத்திருப்பார்?

அந்த நாட்களில் மேரியின் உள்ளம் பட்ட துன்பம் உடல் பட்ட துன்பத்துக்குக் குறைந்ததன்று. முகத்தில் தழும்பு. பிறர் தூக்கினால்தான் எழ முடியும். படித்த படிப்பு வீணாயிற்றே என்ற ஏக்கம். இறைவன் தம்மை ஏன் உயிரோடு விட்டார் என்று கலங்கினார். அவருடைய விசுவாசம் ஆழமானது. ஆயினும் அது துயரத்தை ஒரு நாளில் துடைத்து விடவில்லை. துயரத்தைச் சிறிது சிறிதாகக் கடந்தே அவர் வெளியே வந்தார். இதனை நாம் மறக்கலாகாது. பெரியவர்கள் எல்லாரும் அழாதவர்கள் அல்லர்.

டாக்டர் பிராண்டின் அழைப்பு

அக்காலத்தில் வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் என்னும் ஆங்கிலேய அறுவை நிபுணர் பணியாற்றினார். அவர் 1914ஆம் ஆண்டு நம் தமிழ்நாட்டுக் கொல்லிமலையில் பிறந்தவர். தொழுநோயால் விரல்கள் மடங்கிப் போன கைகளை, நல்ல தசைநாண்களை இடம் மாற்றித் தைப்பதன் மூலம் மீண்டும் விரியச் செய்யும் முறையை வளர்த்தவர். தொழுநோயாளரின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை என்பதையும் அவர் கண்டறிந்தார். நோய் நரம்புகளைத் தாக்குவதால் வலி தெரிவதில்லை. வலி தெரியாததால் சூடான பாத்திரத்தை அப்படியே பிடிக்கிறார்கள். முள் தைத்த காலோடு நடக்கிறார்கள். காயத்தின் மேல் காயம் பட்டே உறுப்புக் குறைகிறது.

அந்த டாக்டர் பிராண்ட் ஒரு நாள் மேரியிடம் வந்து, இனி டாக்டராக என்ன வேலை செய்யப் போகிறார் என்பதைப் பற்றிப் பேசத் தொடங்கினார். மேரி முதலில் அதை வேடிக்கைப் பேச்சு என்றே எண்ணினாராம். ஆனால் பிராண்ட் விளையாட்டாகச் சொல்லவில்லை. பிரசவ அறையில் டாக்டர் நின்றாக வேண்டும். கையில் செய்யும் அறுவையையோ உட்கார்ந்தபடியே செய்யலாம். மேரியின் கால்கள்தாம் போயின. கைகளும் கண்களும் அறிவும் அப்படியே இருக்கின்றன. இல்லாததை எண்ணாமல் இருப்பதை எண்ணிப் பார்த்து அவர் சொன்ன யோசனை அது. மறுவாழ்வு மருத்துவத்தின் முதல் பாடமும் அதுவே.

தொழுநோயாளரின் டாக்டர்

மேரி மீண்டும் மாணவியானார். இடுப்புக்குக் கீழே உணர்வில்லாதவர் நிமிர்ந்து உட்காருவதையே புதிதாகப் பழக வேண்டும். உட்கார்ந்த பின், சாயாமல் மணிக் கணக்கில் நுண்ணிய வேலை செய்யவும் பழக வேண்டும். அவர் பழகினார். அறுவை மேசையை அவர் கைக்கு எட்டும் உயரத்தில் அமைத்துக் கொண்டார்கள். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளைச் சீராக்கத் தொடங்கினார்.

அக்காலத்தில் தொழுநோயாளரைக் கண்டால் ஊர் ஒதுங்கியது. தொட்டு வைத்தியம் பார்க்கவே பலர் அஞ்சினர். (இன்று கூட்டு மருந்துச் சிகிச்சையால் தொழுநோய் முற்றிலும் குணமாகிறது. மருந்து தொடங்கியதும் பிறர்க்குப் பரவும் தன்மையும் விரைவில் நீங்குகிறது.) அப்படி ஒதுக்கப்பட்டவர்கள், தங்களைவிட அதிகமாக உடல் முடங்கிய ஓர் அம்மையார் தங்கள் கைகளைப் பிடித்துப் பார்ப்பதைக் கண்டார்கள். இந்த டாக்டரம்மாவே இப்படியிருந்தும் வேலை செய்கிறார் என்றால் நாமும் செய்யலாமே என்ற எண்ணம் அவர்களுக்குள் பிறந்தது. மருந்துச் சீட்டில் எழுத முடியாத மருந்து அது.

மேரிக்கும் அவர்களிடமிருந்து ஒரு பாடம் கிடைத்தது. தொழுநோயாளரின் கையும் அவருடைய கால்களும் ஒரே வகையில் ஆபத்தானவை. இரண்டிலும் வலி இல்லை. ஒரே பக்கமாகப் படுத்திருந்தால் நமக்கு வலிக்கும். உடனே புரண்டு படுப்போம். தண்டுவடம் காயம்பட்டவர்க்கு அந்த வலி தெரியாததால் தோல் நசுங்கிப் படுக்கைப் புண் உண்டாகிறது. ஆகவே படுக்கையில் இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். தோல் செய்ய வேண்டிய காவலைக் கண் செய்ய வேண்டும். படுக்கைப் புண்ணும் சிறுநீரக நோயும்தான் அக்காலத்தில் இத்தகையோரைப் பெரும்பாலும் கொன்றன.

நிபுணரைத் தேடிச் சென்ற பயணம்

உலகின் பிற இடங்களில் நிலைமை மாறத் தொடங்கியிருந்தது. இரண்டாம் உலகப் போரில் தண்டுவடம் காயம்பட்ட வீரர்களுக்காக, இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் என்னுமிடத்தில் 1944ஆம் ஆண்டு டாக்டர் லுட்விக் குட்மன் ஒரு பிரிவைத் தொடங்கினார். அதுவரை சாவை எதிர்நோக்கிக் கிடத்தப்பட்டவர்களை அவர் எழுப்பி உட்கார வைத்தார். 1948ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், சக்கர நாற்காலியில் இருந்த 16 பேரைக் கொண்டு வில்வித்தைப் போட்டி நடத்தினார். அந்தச் சிறு விதையே பாராலிம்பிக்காக வளர்ந்தது. 2016ஆம் ஆண்டு ரியோவில் நம் சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலு உயரம் தாண்டுதலில் தங்கம் வென்றது அந்த மரத்தில் பழுத்த கனியே.

அமெரிக்காவில் டாக்டர் ஹோவர்ட் ரஸ்க் என்பவர், போரில் காயமுற்ற விமானப் படையினரைக் கண்டு, புண் ஆறிய பிறகு சும்மா படுத்திருப்பதே மனிதனைக் கெடுக்கிறது என உணர்ந்தார். நோய் வராமல் தடுப்பது ஒன்று. வந்த நோயைத் தீர்ப்பது இரண்டு. தீர்ந்த பின் வாழக் கற்றுத் தருவது மூன்று. இந்த மூன்றாவதையும் மருத்துவரே செய்ய வேண்டும் என்று வாதாடி, நியூயார்க் நகரில் ஒரு பெரிய நிலையத்தை உருவாக்கினார்.

மேரி முதலில் ஆஸ்திரேலியாவிலுள்ள பெர்த் நகருக்கு நோயாளியாகச் சென்றார். பிறர் உதவியின்றிப் படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறவும், உடுத்தவும், குளிக்கவும், தம் உடலைத் தாமே காத்துக் கொள்ளவும் அங்கே பயிற்சி பெற்றார். பயின்றவர்கள் கையில் ஒரு நோயாளி எவ்வளவு மாறலாம் என்பதைத் தம் உடலிலேயே கண்டார். வேலூரில் தமக்குக் கிடைக்காதது இதுதான் என்பது அவருக்கு விளங்கியது.

இந்த இடத்தில் அவர் எடுத்த முடிவே அவரை வரலாற்றில் நிறுத்தியது. தமக்குக் கிடைத்த நலத்தோடு அவர் நிறைவு கொள்ளவில்லை. கை அறுவையில் பெற்ற பெயரோடும் நின்று விடவில்லை. இந்தியாவில் இந்த நிபுணர் இல்லையென்றால் நாமே அந்த நிபுணராவோம் என்று துணிந்தார். உதவித் தொகை பெற்று, சக்கர நாற்காலியோடு நியூயார்க் சென்று, டாக்டர் ரஸ்க் நிலையத்தில் முறைப்படி மறுவாழ்வு மருத்துவம் பயின்றார். தம் அனுபவமே போதும் என்று அவர் எண்ணவில்லை. துன்பப்பட்டவர் துன்பத்தை அறிவார். ஆனால் சிகிச்சையை அறியப் படிக்கத்தான் வேண்டும்.

பாகாயத்தில் எழுந்த இல்லம்

1963ஆம் ஆண்டு வேலூரில் உடலியல் மருத்துவம், மறுவாழ்வுத் துறையின் பொறுப்பை மேரி ஏற்றார். நோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் வசதியோடு இந்தியாவில் அமைந்த முதல் மறுவாழ்வுத் துறை எனப் போற்றப்படுவது அது. அதே ஆண்டில் அமெரிக்க எழுத்தாளர் டாரதி கிளார்க் வில்சன் எழுதிய அவருடைய வாழ்க்கை வரலாறும் வெளிவந்து, உலகின் பல பகுதிகளில் அவரை அறியச் செய்தது. 1966ஆம் ஆண்டு, மருத்துவக் கல்லூரி அமைந்துள்ள பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது.

அந்த நிலையத்தில் ஒரு டாக்டர் மட்டும் நின்று எல்லாவற்றையும் செய்வதில்லை. தசைகளுக்கு வலுவூட்டுபவர் பிசியோதெரபிஸ்ட். உண்பது, உடுத்துவது, எழுதுவது முதலிய அன்றாடச் செயல்களைத் திரும்பப் பழக்குபவர் தொழில்வழிச் சிகிச்சையாளர். செயற்கைக் காலும் தாங்கு கருவிகளும் செய்து தருபவர் ஒருவர். நாவும் பேச்சும் திருந்தப் பயிற்சி தருபவர் ஒருவர். புண்ணும் சிறுநீரும் கவனிப்பவர் செவிலியர். வீட்டு நிலைமையை அறிந்து வேலைக்கு வழி தேடுபவர் சமூகப் பணியாளர். இவர்கள் எல்லாரும் கூடி ஆலோசித்தே ஒரு நோயாளிக்கு வழி வகுக்க வேண்டும். ஊர் கூடித் தேர் இழுப்பது போன்ற வேலை இது.

நோயாளியோடு வீட்டார் ஒருவரும் தங்கிக் கற்றுக் கொள்வது அங்கே முக்கியம். நிலையத்தின் தரை வழவழப்பாக இருக்கும். வீட்டின் வாசலில் மூன்று படிகள் இருக்கும். கிணற்றடி தூரத்தில் இருக்கும். ஆகவே ஊருக்குத் திரும்பிய பின் எப்படி வாழ்வது என்பதையே முன் வைத்துப் பயிற்சி தர வேண்டும். சிகிச்சை முடிந்து ஊர் சென்றவர்கள் திரும்ப வந்து கூடும் மறுவாழ்வு மேளா என்ற விழாவும் அந்நிலையத்தில் நடைபெறுகிறது. புதிதாகக் காயமுற்றுக் கலங்கியிருப்பவர், பல ஆண்டுகளாக நாற்காலியில் வாழ்ந்து குடும்பம் நடத்துபவரைக் காண்பது ஆயிரம் அறிவுரைக்குச் சமம்.

1972ஆம் ஆண்டு இந்திய அரசு டாக்டர் மேரி வர்கீஸுக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கிச் சிறப்பித்தது.

உடலோடு உள்ளமும்

பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் மட்டும் இல்லை. அதற்கு முன்பே, 1950களில், டாக்டர் ஃபுளோரன்ஸ் நிக்கல்ஸ் அம்மையார் தொடங்கிய மனநல மையமும் அங்கேதான் உள்ளது. மனநோயாளரைத் தனியே பூட்டி வைப்பதே வழக்கமாயிருந்த காலத்தில், வீட்டாரும் உடன் தங்கி நோயைப் பற்றி அறிந்து சிகிச்சையில் பங்கு கொள்ளும் முறையை அம்மையம் கைக்கொண்டது.

உடலுக்கு ஒன்று, உள்ளத்துக்கு ஒன்று என இரு நிலையங்கள் ஒரே ஊரில் அமைந்திருப்பது பொருத்தமே. கால் போனவருக்கு உள்ளம் சோர்வதும், உள்ளம் சோர்ந்தவர் உடலைக் கவனியாமல் விடுவதும் இயல்பு. மேரியின் வாழ்விலும் கால்களுக்குச் சிகிச்சை செய்தவர் பலர் இருந்தனர். ஆனால் எதிர்காலம் உண்டு என்று ஒருவர் வந்து பேசிய நாளில்தான் அவர் எழுந்தார்.

கால் முறிந்தால் ஊரே வந்து பார்க்கிறது. மனம் முறிந்தால் வெளியே சொல்ல வெட்கப்படுகிறோம். பேய் என்றும் திமிர் என்றும் பெயரிட்டு, சிகிச்சை தெரியாதவரிடம் விட்டுவிடுகிறோம். அதன் முடிவு எவ்வளவு கொடியது என்பதை 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் நம் நாடு கண்டது. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் ஓட முடியாமல் சிக்கினர். 28 பேர் மாண்டனர். அவர்களை அங்கே கொண்டு விட்ட வீட்டாரில் பலர் அன்பில்லாதவர்கள் அல்லர். எங்கே போவது என்று தெரியாதவர்கள்.

இன்று நமக்குள்ள வழிகள்

மேரி காலத்தில் இல்லாத பல வழிகள் இன்று உள்ளன. 1992ஆம் ஆண்டில் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் சட்டம் வந்தது. மருத்துவ உளவியலாளர், பேச்சுப் பயிற்சியாளர், சிறப்புக் கல்வி ஆசிரியர் முதலியோர் முறைப்படி படித்து, அக்கவுன்சிலின் பதிவேட்டில் பெயர் பதிந்திருக்க வேண்டும். மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து, அதன் மேல் மனநலத்தில் பட்டம் பெற்று, மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்தவர். மருந்து எழுதித் தருபவர் அவர். பேச்சின் வழியாகவும் பயிற்சியின் வழியாகவும் உதவுபவர் உளவியலாளர். சிலருக்கு ஒருவர் போதும். சிலருக்கு இருவரும் வேண்டும்.

ஆகையால் ஒரு நிபுணரை நாடுமுன் அவர் என்ன படித்தவர், எங்கே பதிவு செய்தவர் என்று கேட்பது மரியாதைக் குறைவாகாது. மற்ற நிபுணர்களோடு கலந்து பேசி வேலை செய்கிறாரா, வீட்டாருக்கும் கற்றுத் தருகிறாரா என்றும் பார்க்க வேண்டும். சில நாட்களில் அடியோடு குணமாக்குவேன் என்று உறுதி கூறுபவரிடமும், நோயாளியைக் கட்டி வைப்பவரிடமும், வீட்டார் வந்து பார்க்கக் கூடாது என்பவரிடமும் நம் சொந்தங்களை ஒப்படைக்கலாகாது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயாளரைச் சங்கிலியால் பிணைப்பதைத் தடை செய்கிறது. மனநலக் காப்பகங்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்றும் அது விதிக்கிறது.

சென்னை கலைஞர் கருணாநிதி நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் உள்ளது. முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் உள்ளது. எங்கள் பக்கத்தார்க்கு அண்மையில் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் மனநலத் துறை உண்டு. மாவட்டந்தோறும் மாற்றுத் திறனாளிகள் நல அலுவலகம் இருக்கிறது. படுக்கையில் இருப்போர் வீட்டுக்கே சென்று உடற்பயிற்சிச் சிகிச்சை தர, 2021ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. மனம் தாளாதபோது எந்நேரமும் கட்டணமின்றி அழைக்க, 2022 அக்டோபரில் தொடங்கிய டெலிமானஸ் என்னும் தொலைபேசிச் சேவை 14416 என்ற எண்ணில் உள்ளது. தமிழிலேயே பேசலாம்.

ஆயினும் தேவை பெரிது. நிபுணர் சிலர். அவர்களிலும் பெரும்பாலோர் பெருநகரங்களில் இருக்கின்றனர். கிராமத்து நோயாளி ஒரு முறை பார்க்க ஒரு நாள் கூலியை இழந்து பேருந்து ஏற வேண்டியிருக்கிறது. இக்குறையைச் சட்டத்தால் மட்டும் தீர்க்க முடியாது. ஆட்கள் வேண்டும்.

இறுதி நாட்கள்

டாக்டர் மேரி வர்கீஸ் 1986ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் வேலூரில் இறைவனடி சேர்ந்தார். வயது 61. அவற்றுள் ஏறத்தாழ 33 ஆண்டுகள் சக்கர நாற்காலியிலேயே கழிந்தன. கால்கள் நடந்த 28 ஆண்டுகளில் அவர் ஒரு நல்ல டாக்டரானார். கால்கள் நடவாத 33 ஆண்டுகளில் ஒரு துறையையே உண்டாக்கினார். அத்துறையில் பயின்ற டாக்டர்களும் பயிற்சியாளர்களும் பல ஊர்களில் பணி செய்து வருகின்றனர்.

முடிவுரை

அன்புத் தோழியரே! பத்தாம் வகுப்பு முடிந்ததும் என்ன படிக்கப் போகிறாய் என்று எல்லாரும் நம்மைக் கேட்கிறார்கள். டாக்டர், இன்ஜினியர், ஆசிரியை என்று சொல்கிறோம். பிசியோதெரபி, தொழில்வழிச் சிகிச்சை, பேச்சுப் பயிற்சி, மருத்துவ உளவியல், செயற்கை உறுப்பு செய்யும் கலை, மனநலச் செவிலியம் என்றும் படிப்புகள் உள்ளன. இவற்றைச் சொல்பவர் நம் வகுப்பில் எத்தனை பேர்? பெற்றோரும் இப்பெயர்களை அறிந்து பிள்ளைகளுக்குச் சொன்னால் நலம். பண்ருட்டியிலும் நெய்வேலியிலும் விருத்தாசலத்திலும் அவர்களுக்காகக் காத்திருக்கும் வீடுகள் பல.

திலகவதியார் தம்பிக்குத் தாங்கும் கையாக இருந்தார். டாக்டர் மேரி முன்பின் அறியாதவர்க்கெல்லாம் அவ்வாறு இருந்தார். அன்பு இருவரிடமும் இருந்தது. மேரி அந்த அன்போடு முறையான கல்வியையும் சேர்த்துக் கொண்டார். நோயுற்றவரை நேசிப்போம். அவர்களைத் தக்கவரிடம் அழைத்துச் செல்வோம். தக்கவர் இல்லாத இடத்தில், நம்மில் சிலராவது படித்துத் தக்கவராக ஆவோம்.